டோடோங்கோவை வீழ்த்துவது எப்படி? கவசத்தோல் எதிரிகளுக்கு ஒரு முதல் பாடம்

சாகச வீடியோ கேம்களைப் புதிதாக ஆடத் தொடங்குபவர்கள், கவசம் போன்ற தோலுடைய ஒரு விலங்கைக் கண்டதும் வாளுக்கான பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டே இருப்பார்கள். எதிரிக்கோ ஒன்றும் ஆகாது. இத்தகைய எதிரியை அணுகும் முறையைக் கற்க, நின்டெண்டோ நிறுவனம் 1986-இல் வெளியிட்ட ‘தி லெஜெண்ட் ஆஃப் ஸெல்டா’வின் இரண்டாம் நிலவறையில் காத்திருக்கும் டோடோங்கோவைவிட நல்ல பயிற்சி வேறில்லை என்பது என் எண்ணம். அது எதையும் உமிழ்வதில்லை, எறிவதுமில்லை. நடந்துகொண்டே இருக்கும், அதன் உடலில் மோதினால்தான் நமக்கு அடிபடும்.

முதலில் குண்டுகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் நாம் இயக்கும் நாயகனான லிங்க் 8 குண்டுகள் வரைதான் வைத்திருக்க முடியும். விளையாட்டுக்குள் வரும் கடையில் 20 ரூபிக்கு (அவ்வுலகின் நாணயம்) 4 குண்டுகள் கிடைக்கும். டோடோங்கோவை வீழ்த்த இரண்டே போதும் என்றாலும், முதல் முறை ஆடுபவர் சிலவற்றை வீணாக்குவது உறுதி என்பதால் எட்டையும் நிரப்பிக்கொண்டு செல்வதே நல்லது.

நிலவறைக்குள் ஒரு முதியவர், டோடோங்கோவுக்குப் புகை பிடிக்காது என்று சொல்வார். (தமிழில் சொன்னால் ஏதோ நல்லொழுக்கச் சான்றிதழ் போலத்தான் இருக்கிறது!) இக்குறிப்பைப் படித்துவிட்டுக் கடந்துவிடாதீர்கள், குண்டு வெடிப்பதால் எழும் புகையைத்தான் அவர் சொல்கிறார்.

அடுத்து, நிலவறைத் தலைவனான டோடோங்கோவின் அறைக்குள் நுழைவதற்கு முன்பே பொருள்பட்டியலைத் திறந்து, பி பொத்தானுக்குக் குண்டைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள். அறைக்குள் சென்றதும் பின்னால் ஓடித் தாக்க முயல வேண்டாம். அது எந்தத் திசையில் நடக்கிறது என்று சற்றுக் கவனித்து, அதன் முகத்துக்கு நேரே, ஓரிரு அடி இடைவெளி விட்டு நின்று, குண்டை வைத்த உடனே பக்கவாட்டில் விலகிவிடுங்கள். வாய் குண்டின்மீது பட்டால் டோடோங்கோ அதை விழுங்கிவிடும். உள்ளே வெடித்ததும் உடல் உப்பி நிற்கும். இதையே இன்னொரு முறை செய்தால் அதன் கதை முடிந்தது. மிக நெருங்கி நின்று வைப்பதும், அது திரும்பிவிட்ட பிறகு வைப்பதும்தான் தொடக்கநிலையாளர்கள் வழக்கமாகச் செய்யும் பிழைகள்.

குண்டு வாய்க்குள் போகாமல் அருகிலேயே வெடித்துவிட்டாலும் கவலை வேண்டாம். புகையில் சிக்கிய டோடோங்கோ சிறிது நேரம் அசைவற்று நிற்கும். அதுவரை பயனற்றிருந்த வாள் அப்போது மட்டும் வேலை செய்யும் என்பதால், தயங்காமல் ஓடிச் சென்று வெட்டுங்கள். பின்வரும் நிலவறைகளில் மூன்று டோடோங்கோக்கள் ஒன்றாக வரும்போது, குண்டுகளை மிச்சப்படுத்த இந்த இரண்டாம் வழியே எனக்குப் பிடித்தது.

இதே விதியைத்தான் இத்தொடரில் 1998-இல் வந்த ‘ஒக்கரினா ஆஃப் டைம்’ முப்பரிமாணத்தில் பெரிதாக்கிக் காட்டுகிறது. அதில் வரும் டோடோங்கோ அரசன் நெருப்பைக் கக்குவதற்கு முன் வாயை அகலத் திறந்து மூச்சை உள்ளிழுப்பான். அந்தக் கணத்தில் குண்டை வாய்க்குள் எறிந்து, அவன் மயங்கியதும் வாளால் வெட்ட வேண்டும். பிறகு அவன் உருண்டையாகச் சுருண்டு, நடுவிலுள்ள தீக்குழம்பைச் சுற்றி உருண்டு வருவான். அப்போது அறையின் மூலையில் சுவரை ஒட்டி நின்றுகொள்ளுங்கள்.