வேறு குரூப்பிலிருந்து பார்மசிக்கு வருகிறீர்களா? பயப்பட வேண்டிய இடம் பயாலஜி இல்லை

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் எங்கள் ஈரோடு, குமாரபாளையம், திருச்செங்கோடு வட்டாரத்தில் பார்மசி பற்றிய விசாரிப்பு தொடங்கிவிடும். கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் படித்த பையன், பயாலஜி வாசனையே தெரியாமல் பி.பார்ம் (பார்மசி பட்டப்படிப்பு) சேர்ந்தால் தாக்குப்பிடிக்க முடியுமா என்று கேட்பான். திருப்பூரில் டையிங் லேபில் (துணிச் சாய ஆய்வகம்) நாலு வருசம் வேலை பார்த்தவர், இந்த வயதில் டி.பார்ம் (பார்மசி டிப்ளமோ) போய் சின்னப் பிள்ளைகளோடு உட்காரலாமா என்று தயங்குவார். பி.காம் முடித்த பெண், மெடிக்கல் ஷாப் வைக்கணும், நானே படித்துவிட்டால் என்ன என்பார். மூன்று பேரின் பயமும் நியாயமானதுதான், ஆனால் பெரும்பாலானவர்கள் தப்பான இடத்தில் பயப்படுகிறார்கள். பயாலஜியை நினைத்துத் தூக்கம் கெடுத்துக்கொள்பவர்கள் கடைசியில் கால் இடறுவது ஆர்கானிக் கெமிஸ்ட்ரி என்கிற கரிம வேதியியலிலும், இங்கிலீஷில் பதில் எழுதுவதிலும்தான்.

முதலில் சேர முடியுமா என்று பாருங்கள்

பி.பார்ம், டி.பார்ம், பார்ம்.டி (டாக்டர் ஆஃப் பார்மசி) மூன்றுக்கும் பிளஸ் டூவில் இயற்பியலும் வேதியியலும் கட்டாயம், கூடவே கணிதமோ உயிரியலோ ஒன்று இருக்க வேண்டும். ஆக, கணக்கு குரூப்பும் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்பும் தாராளமாக வரலாம். காமர்ஸ் படித்தவர் நேரடியாக வர முடியாது. பி.காம், எம்.பி.ஏ. என்று எவ்வளவு மேலே படித்திருந்தாலும் அது பிளஸ் டூ இயற்பியல், வேதியியலுக்கு ஈடாகாது. மறுபடி அறிவியல் பாடங்களோடு பிளஸ் டூ எழுதித் தேறுவதுதான் வழி. எந்த வாரியத்தில் எழுதுவதாக இருந்தாலும் பணம் கட்டுவதற்கு முன்பே அந்தச் சான்றிதழ் செல்லுமா என்று சேர்க்கை நடத்தும் தேர்வுக் குழுவிடமும் தமிழ்நாடு பார்மசி கவுன்சிலிடமும் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தையை நம்பி இரண்டு வருசம் போடாதீர்கள்.

பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்தவர்கள் ஒரு வருசம் குறையுமா என்று கேட்கிறார்கள். குறையாது, முதல் வருசத்திலிருந்துதான் தொடங்கணும். நேரடியாக இரண்டாம் வருசம் பி.பார்மில் நுழையும் வாய்ப்பு டி.பார்ம் முடித்தவர்களுக்கு மட்டுமே.

வேலையை விட்டுவிட்டு வருகிறவர்கள், குடும்பச் செலவு தலையில் இருக்கிறவர்கள், நம்மால் முடியுமா என்று இன்னும் உறுதியாகத் தெரியாதவர்கள் டி.பார்மில் தொடங்குவது நல்லது என்பது என் கருத்து. இரண்டு வருசப் படிப்பு, அப்புறம் 500 மணி நேர நேரடிப் பயிற்சி, அதுவும் மூன்று மாதத்துக்குக் குறையாமல். முடித்துப் பதிவு செய்துவிட்டால் மருந்தாளுநராக வேலைக்குப் போகலாம், பிடித்துப்போனால் பி.பார்முக்கும் போகலாம். தொழிற்சாலை, ஆராய்ச்சி, தரக்கட்டுப்பாடு பக்கம் போக வேண்டும் என்று தெளிவாக இருப்பவர் நேராக நாலு வருச பி.பார்ம் சேரட்டும். ஆறு வருச பார்ம்.டி ஆஸ்பத்திரி வார்டில் நோயாளிக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கு. அதற்குப் பொறுமையும் பணமும் கூடுதலாக வேண்டும்.

பயாலஜி இல்லாதவருக்குப் பாடத்திட்டத்திலேயே இடம் இருக்கிறது

இதைப் பலரும் சேர்ந்த பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள். பி.பார்ம் முதல் செமஸ்டரில் கணக்கு குரூப்பிலிருந்து வந்தவர்களுக்கு ரெமடியல் பயாலஜி (விட்டுப்போன அடிப்படையை ஈடுகட்டும் பாடம்) என்று ஒரு பாடம் வைத்திருக்கிறார்கள், பயாலஜி குரூப்பிலிருந்து வந்தவர்களுக்கு ரெமடியல் மேத்தமடிக்ஸ். இந்தப் படிப்புக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் ஆள் வருவார்கள் என்று எதிர்பார்த்தே பாடத்திட்டம் போட்டிருக்கிறார்கள். இந்த ரெமடியல் பாடத்தின் தேர்வையும் பல்கலைக்கழகம் நடத்தாது, கல்லூரி அளவிலேயே முடிந்துவிடும். பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து இதயத்தின் படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வரைகிற பெண், லாகரிதம், மேட்ரிக்ஸ், லாப்லாஸ் என்று வந்ததும் உங்கள் நோட்டைத்தான் தேடுவாள்.

இருந்தாலும் அதே செமஸ்டரில் மனித உடற்கூறும் உடலியங்கியலும் முழுப் பாடமாக வரும், அதற்கு ரெமடியல் வகுப்பு மட்டும் போதாது. சேர்க்கைக்கும் வகுப்பு தொடங்குவதற்கும் நடுவில் கிடைக்கும் வாரங்களில் பிளஸ் ஒன் விலங்கியல் பாடப்புத்தகத்தைப் படியுங்கள். செரிமானம், சுவாசம், ரத்த ஓட்டம், கழிவு நீக்கம், நரம்பு, ஹார்மோன் ஆகிய பாடங்கள் மட்டும் போதும். அரசுப் புத்தகம்தான், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தமிழ் வழியில் படித்தவர்கள் தமிழ்ப் புத்தகத்தையும் இங்கிலீஷ் புத்தகத்தையும் ஒரே பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் புரிந்துகொள்வது, உடனே அதே பத்தியை இங்கிலீஷில் வாசிப்பது. வேறு எந்தப் பயிற்சி வகுப்பும் இந்த அளவுக்குக் கை கொடுக்காது.

இன்னொரு விஷயம், ரத்தம். உடலியங்கியல் லேபில் விரல் நுனியில் ஊசியால் குத்தி ரத்த வகை பார்ப்பது, ஹீமோகுளோபின் பார்ப்பது எல்லாம் வரும். பிளஸ் டூவில் தவளைப் படம்கூட வரையாதவர்களுக்கு அது கொஞ்சம் தலைசுற்றும். காலையில் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், உட்கார்ந்துகொண்டு செய்யுங்கள், மயக்கம் வரும்போல இருந்தால் ஆசிரியரிடம் சொல்லத் தயங்காதீர்கள். இரண்டாவது தடவை பழகிவிடும்.

உண்மையில் உழைக்க வேண்டிய இடம்

முதல் செமஸ்டரில் கனிம வேதியியல், மருந்துப் பகுப்பாய்வு. இரண்டாவதில் ஆர்கானிக் ஒன்று, உயிர்வேதியியல். மூன்றாவதில் ஆர்கானிக் இரண்டு. நாலாவதில் ஆர்கானிக் மூன்று, அதோடு மெடிசினல் கெமிஸ்ட்ரி. வரிசையைப் பார்த்தாலே தெரியும், இந்தப் படிப்பின் முதுகெலும்பு வேதியியல். பிளஸ் டூவில் வினாவங்கியை மனப்பாடம் செய்து வேதியியலில் 90 எடுத்தவர்கள்கூட இங்கே திணறுகிறார்கள், ஏனென்றால் இங்கே ஒரு வினை ஏன் அந்தப் பக்கம் போகிறது என்று கேட்பார்கள். பிளஸ் ஒன் வேதியியலில் கரிம வேதியியல் அடிப்படைகள் வரும் பாடங்களை, எலக்ட்ரான் எங்கிருந்து எங்கே நகர்கிறது என்று அம்புக்குறி போட்டுப் போட்டுப் பழகுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு வினை போதும், ஆனால் கையால் எழுதணும். மொபைலில் வீடியோ பார்த்துத் தலையாட்டுவது படிப்பு ஆகாது.

மருந்துப் பெயர்களைக் கண்டு மிரள வேண்டாம். வீட்டில் அமுச்சியோ தாத்தாவோ சாப்பிடும் மாத்திரை அட்டையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பெரிய எழுத்தில் கம்பெனி வைத்த பெயர் இருக்கும், அதை விட்டுவிட்டுச் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் பாருங்கள். டெல்மிசார்டன், லோசார்டன், ஓல்மிசார்டன் என்று 'சார்டன்' வாலோடு வருபவை எல்லாம் ஒரே முறையில் ரத்த அழுத்தத்தைக் குறைப்பவை. எனலாப்ரில், ராமிப்ரில் இன்னொரு குடும்பம். அட்டெனோலால், மெட்டோப்ரோலால் மூன்றாவது. பான்டோப்ரசோல், ஒமெப்ரசோல் வயிற்று அமிலத்துக்கு. அதே அட்டையில் மி.கி. அளவு, ஐ.பி. என்ற இரண்டு எழுத்து (இந்திய மருந்துத் தரநூலின்படி செய்தது என்று பொருள்), தொகுதி எண், காலாவதித் தேதி, சிவப்புக் கோடு எல்லாம் இருக்கும். சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாத மருந்து. வீட்டில் இருக்கும் அட்டைகளை இப்படிப் படித்துவிட்டுக் கல்லூரிக்குள் போனால், பார்மகாலஜி (மருந்து உடம்பில் எப்படி வேலை செய்கிறது என்ற பாடம்) வரும்போது பாதிப் பெயர்கள் தெரிந்த முகங்களாக இருக்கும்.

கணக்கு குரூப் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லணும். உங்கள் கணக்கு இங்கே வீணாகாது, அது ஒரு குழந்தையின் உடம்போடு சம்பந்தப்பட்டது. 12 கிலோ எடையுள்ள குழந்தைக்கு டாக்டர் கிலோவுக்கு 15 மி.கி. கணக்கில் பாராசிட்டமால் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 180 மி.கி. கடையில் இருப்பது 5 மி.லி.க்கு 120 மி.கி. உள்ள சிரப் என்றால் 7.5 மி.லி. கொடுக்க வேண்டும். அதே கடையில் 5 மி.லி.க்கு 250 மி.கி. உள்ள பாட்டிலும் பக்கத்திலேயே இருக்கும், அதில் 3.6 மி.லி.தான். பாட்டிலைப் பார்க்காமல் "ஏழரை ஊத்துங்க" என்று சொல்லி அனுப்பினால் குழந்தைக்கு இரண்டு மடங்கு போய்விடும். இந்தக் கணக்கை நொடியில் மனசில் போடுகிற ஆள் கவுண்டரில் நிற்பது ஊருக்கே நல்லது. 95 சதவீத ஆல்கஹாலிலிருந்து 70 சதவீதத்தில் 500 மி.லி. தயாரிக்க எவ்வளவு எடுக்கணும் என்பதும் இதே வகைதான், விடை சுமார் 368 மி.லி. பயாலஜி குரூப்பில் வந்தவர்கள் இந்த மாதிரிக் கணக்குகளைத் தினமும் போட்டுப் பழகுங்கள், உங்களுக்கு இங்கேதான் உழைப்பு வேண்டும்.

பழைய படிப்பும் வேலையும் எங்கே உதவும்

டையிங் லேபில் இருந்தவருக்குப் பிப்பெட், பி.எச். மீட்டர், கரைசலின் செறிவு, நிறத்தை மெஷினில் வைத்து அளப்பது எல்லாம் ஏற்கெனவே கைப்பழக்கம். டைட்ரேஷனில் (சொட்டுச் சொட்டாகக் கரைசல் சேர்த்துச் செறிவை அளப்பது) கடைசிச் சொட்டில் வெளிர் ரோஸ் வரும்போது நிறுத்தத் தெரியாமல் அடர் ரோஸாக்கிவிட்டு முதலிலிருந்து தொடங்கும் வகுப்பில், அவர் நிதானமாக முடித்துவிடுவார். மெக்கானிக்கல் பக்கம் இருந்தவருக்கு மூன்றாம் செமஸ்டரில் வரும் பார்மசூட்டிக்கல் இன்ஜினியரிங் எளிது, வெப்பப் பரிமாற்றம், உலர்த்துதல், வடிகட்டுதல் என்று எல்லாம் அவருக்குத் தெரிந்ததே. கணக்குவழக்கு தெரிந்தவருக்கு டி.பார்ம் இரண்டாம் வருசத்தில் கடை நிர்வாகம் பாடமாகவே வருகிறது.

காட்டுவேலை தெரிந்த பிள்ளைகளுக்கும் இடம் உண்டு. தாராபுரம், மூலனூர் பக்கம் கம்பிப் பந்தல் போட்டு வளர்க்கிற கண்வலிக்கிழங்கின் விதையிலிருந்து கோல்சிசின் எடுக்கிறார்கள், அது கவுட் என்கிற மூட்டுவலிக்கு மருந்து. அளவு கொஞ்சம் மீறினாலும் அதே பொருள் விஷம். வீட்டு வாசலில் நிற்கும் நித்தியகல்யாணியிலிருந்து வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்துகள். மருந்துத் தாவரவியல் பாடத்தில் இவையெல்லாம் வரும்போது, டவுனில் வளர்ந்தவர்கள் படத்தில் பார்ப்பதை நீங்கள் காட்டில் பார்த்திருப்பீர்கள். அதைச் சொல்லக் கூச்சப்படாதீர்கள்.

இங்கிலீஷும் அரியரும்

பாடமும் தேர்வும் இங்கிலீஷில்தான். ஆனால் நம் பக்கத்துக் கல்லூரிகளில் ஆசிரியர்கள் பெரும்பாலும் தமிழ் கலந்துதான் விளக்குவார்கள், அதனால் புரிவது பெரிய சிக்கல் இல்லை, எழுதுவதுதான் சிக்கல். நீள வாக்கியம் வேண்டாம். வரையறை ஒரு வரி, வகைப்பாடு ஒரு கட்டம், படம், பயன், பக்கவிளைவு என்று சின்னச் சின்ன வாக்கியங்களாக எழுதினால் இலக்கணப் பிழை இருந்தாலும் மதிப்பெண் வரும். ஒவ்வொரு வாரமும் ஒரு கேள்விக்குப் புத்தகத்தை மூடி வைத்து எழுதி, ஆசிரியரிடமோ சீனியர் அக்காவிடமோ திருத்தச் சொல்லுங்கள்.

விதிமுறைகளை முதல் வாரமே தெரிந்துகொள்ளுங்கள். பி.பார்மில் தியரிக்கும் பிராக்டிகலுக்கும் தனித்தனியாக 80 சதவீத வருகை வேண்டும். தியரியில் உள்மதிப்பீடு 25, செமஸ்டர் தேர்வு 75, சேர்த்து 50 எடுத்தால் தேர்ச்சி. முதல் மூன்று செமஸ்டர் அரியரை நாலாவது செமஸ்டர் தேர்வு வரை இழுத்துக்கொண்டு போகலாம், ஆனால் முதல் இரண்டு செமஸ்டரை முழுசாக முடிக்காமல் ஐந்தாவதில் உட்கார முடியாது. வேறு பின்னணியிலிருந்து வருகிறவருக்குத் தொடக்கத்தில் ஒன்றிரண்டு அரியர் விழலாம், அதற்காக மூட்டை கட்டாதீர்கள். ஆனால் அதை அடுத்த தேர்விலேயே முடியுங்கள், அப்புறம் பார்க்கலாம் என்று விட்டால் ஒரு வருசமே போய்விடும்.

வயதைப் பற்றி: வகுப்பில் உங்களை அண்ணா, அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், ஒரு மாதத்தில் ரெக்கார்டு நோட்டு கேட்டு வருவார்கள். சரி, விண்ணப்பத்தில் வயது வரம்பு என்ன போட்டிருக்கிறது என்று மட்டும் முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

பணம் கட்டும் முன்

கல்லூரிக்கு இந்திய பார்மசி கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா, நீங்கள் சேரும் வருசத்துக்கும் சேரும் படிப்புக்கும் இருக்கிறதா என்று கவுன்சிலின் இணையதளத்திலேயே பாருங்கள். கல்லூரி பஸ்ஸில் எழுதியிருப்பதையோ புரோக்கர் சொல்வதையோ எடுத்துக்கொள்ளாதீர்கள். "காலேஜுக்கே வர வேண்டாம், வெளிமாநிலத்தில் சர்டிபிகேட் வாங்கித் தருகிறோம்" என்று யாராவது வந்தால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். பார்மசியை அஞ்சல் வழியில் படிக்க முடியாது. 1948-ஆம் ஆண்டின் பார்மசி சட்டப்படி அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் படித்திருந்தால்தான் பதிவு கிடைக்கும், பதிவு இல்லாமல் மருந்து கொடுக்க உங்களுக்கு உரிமை இல்லை.

அரசு ஒதுக்கீட்டில் பி.பார்ம் சேர பிளஸ் டூ மதிப்பெண்தான் அடிப்படை, நீட் வேண்டாம். மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்ககத்தின் தேர்வுக் குழு அறிவிப்பு வரும் தேதியைத் தவறவிடாதீர்கள், இன்ஜினியரிங் கவுன்சிலிங்கோடு சேர்ந்து இது வராது. சாதிச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் மூன்றையும் இப்போதே எடுத்து, பெயரும் இனிஷியலும் மூன்றிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். மாறியிருந்தால் தாலுகா ஆபீஸுக்கும் பள்ளிக்கும் இந்த வாரமே போய்விட்டு வாருங்கள்.