மறந்தானா, பதியவே இல்லையா? ஏடிஎச்டி ஆய்வில் போஸ்ட்டாக் பணி தேடுவோருக்கு

பதினைந்து சொற்களை ஐந்து முறை வாசிப்பேன். ஒவ்வொரு முறையும் நினைவில் நின்றவற்றை அவன் திருப்பிச் சொல்ல வேண்டும். ஏடிஎச்டி (கவனக்குறைவு, மிகைச் செயல்பாட்டுக் கோளாறு) உள்ள ஒன்பது வயதுச் சிறுவன். முதல் சுற்றில் நான்கு சொற்கள், ஐந்தாம் சுற்றில் எட்டு. "சொன்னதெல்லாம் மறந்துவிடுவான்" என்று அவன் அம்மா முன்பே வருத்தப்பட்டிருந்தார். அரை மணி நேரம் கழித்துக் கேட்டேன். அதே எட்டும் வந்தன, ஒன்றுகூட நழுவவில்லை.

மறப்பது வேறு, பதியாமல் போவது வேறு. ஏடிஎச்டி உள்ளவர்களின் நீண்டகால நினைவை அளந்த ஆய்வுகள் பலவும், சிக்கல் பெரும்பாலும் கற்கும் கட்டத்திலேயே இருப்பதைக் காட்டுகின்றன. இந்த வேறுபாட்டை உணர்ந்து எழுதப்பட்ட போஸ்ட்டாக் விண்ணப்பத்தை முதல் பக்கத்திலேயே அடையாளம் கண்டுவிடலாம். நான் போஸ்ட்டாக்காக, அதாவது முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளராக, சேர்ந்த துறை இது; இப்போது விண்ணப்பங்களைப் படிக்கும் பக்கம் இருக்கிறேன்.

முதலில் விளம்பரத்தை மெதுவாகப் படியுங்கள். 'கற்றலும் நினைவும்' என்ற தலைப்புக்குள் பல வேலைகள் ஒளிந்திருக்கும். வலுவூட்டல் (பலனைக் கொண்டு கற்பது), டோபமைன் (நரம்பணுக்களிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருள்), கணக்கீட்டு மாதிரி போன்ற சொற்கள் வந்தால், எதிர்பார்த்த பலனுக்கும் கிடைத்த பலனுக்கும் உள்ள வேறுபாட்டை டோபமைன் நரம்பணுக்கள் எப்படித் தெரிவிக்கின்றன என்று ஷுல்ட்ஸ், டாயன், மாண்டேகு மூவரும் 1997இல் எழுதிய கட்டுரையிலிருந்து தொடங்கும் மரபு அது. செயல்படு நினைவு (சிறிது நேரம் மனதில் நிறுத்திப் பயன்படுத்தும் நினைவு) என்றால் வேறு மரபு, வேறு சோதனைகள். எந்த மரபு என்று தெரியாமல் ஒரே ஆய்வுத் திட்டத்தை எல்லா ஆய்வகங்களுக்கும் அனுப்பாதீர்கள்.

ஆய்வுத் திட்டத்துக்குத்தான் அதிக நாட்களை ஒதுக்க வேண்டும். ஒரே ஒரு கேள்வி, அதற்குப் போட்டியிடும் இரண்டு விளக்கங்கள், எந்த முடிவு வந்தால் எந்த விளக்கம் விழும் என்ற தெளிவு: இவை மூன்றும் இருந்தால் இரண்டு பக்கம் போதும்.

ஓர் எடுத்துக்காட்டு. விடை சரியா தவறா என்பதை உடனே சொன்னால், மூளையின் ஸ்ட்ரையேட்டம் பகுதி கற்றலில் பெரும்பங்கு வகிக்கிறது. சில நொடிகள் தாமதித்துச் சொன்னால் ஹிப்போகேம்பஸ் என்ற மற்றொரு பகுதியின் பங்கு கூடுகிறது. ஏடிஎச்டி உள்ளவர்கள் உடனடிப் பின்னூட்டத்தில் மட்டும் பின்தங்கினால் ஸ்ட்ரையேட்டத்தைச் சந்தேகிக்கலாம். இரண்டிலும் பின்தங்கினால் கவனச் சிதறலே எளிய விளக்கம். இத்தோடு நிறுத்திவிடாதீர்கள். காத்திருப்பதே ஏடிஎச்டி உள்ள பலருக்கு வேதனை. ஆகவே தாமதச் சுற்றில் மதிப்பெண் குறைந்தால் அது நினைவின் குறையா, காத்திருப்பின் சலிப்பா என்று பிரிக்க ஒரு வழியை நீங்களே முன்வையுங்கள். தன் திட்டத்தின் ஓட்டையைத் தானே கண்டு சொல்பவரை நான் நம்புகிறேன்.

சராசரியை மட்டும் காட்டும் வரைபடங்களையும் தவிருங்கள். ஏடிஎச்டி உள்ளவர்களின் வினையாற்றும் நேரம் ஒரு கேள்விக்கும் அடுத்ததற்கும் இடையே மிகவும் ஏறி இறங்கும். மெதுவாகக் கற்பவரும், நன்றாகக் கற்றும் அவ்வப்போது தாறுமாறாகத் தேர்ந்தெடுப்பவரும் ஒரே மதிப்பெண் பெறலாம். கற்றல் வேகத்தையும் தேர்ந்தெடுப்பதில் உள்ள சிதறலையும் தனித்தனியே மதிப்பிடும் மாதிரியைப் பயன்படுத்துவதானால், தெரிந்த எண்களைக் கொண்டு நீங்களே உருவாக்கிய செயற்கைத் தரவில் அந்த எண்கள் சரியாக மீண்டு வருகின்றனவா என்று முதலில் சோதியுங்கள். அதைக் காட்டும் வரைபடத்தை நேர்காணலுக்கு எடுத்துச் செல்லுங்கள்.

மருந்தைப் பற்றி ஒரு பத்தி கட்டாயம் வேண்டும். ஏடிஎச்டிக்குத் தரப்படும் மெத்தில்ஃபெனிடேட் டோபமைன் மறுஉறிஞ்சலைத் தடுப்பதால் நீங்கள் அளக்க வரும் அமைப்பையே அது மாற்றுகிறது. பல ஆய்வுகளில் சோதனைக்கு 24 அல்லது 48 மணி நேரம் முன்பு மருந்தை நிறுத்தச் சொல்கிறார்கள். அந்த நாளில் குழந்தைக்குப் பள்ளி இருக்கலாம், தேர்வு இருக்கலாம். மருத்துவரின் ஒப்புதலும் குடும்பத்தின் வசதியும் இல்லாமல் அதைத் திட்டமிடக் கூடாது. என் முதல் திட்டத்தில் மருந்து நிறுத்தம் ஒரே வரியில் முடிந்திருந்தது. அந்த ஒரு வரியைப் பற்றியே நேர்காணலில் இருபது நிமிடம் கேட்டார்கள். கேட்டது சரிதான்.

மூளை வருடி ஆய்வு என்றால் தலையசைவைச் சொல்லாமல் விடாதீர்கள். அசைந்தவர்களையெல்லாம் நீக்கினால், மிஞ்சுவது பெரும்பாலும் ஏடிஎச்டி குறைவாக உள்ள குழந்தைகள்தான்.

மருத்துவப் பின்னணி இல்லையென்றால் அதை நேராக எழுதுங்கள். 2013இல் வெளியான, அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோயறிதல் கையேடான டிஎஸ்எம்-5இன் விதிகள் தெரிந்திருந்தால் தொடங்கப் போதும்: கவனக்குறைவு, மிகைச் செயல்பாடு ஆகிய இரு பிரிவுகளில் ஒன்றிலாவது குழந்தைகளுக்கு ஒன்பது அறிகுறிகளில் ஆறு, பதினேழு வயது முதல் ஐந்து; அவற்றில் பல பன்னிரண்டு வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்; ஒன்றுக்கு மேற்பட்ட சூழல்களில் வெளிப்பட வேண்டும்.

அறிமுகக் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். பரிந்துரைக் கடிதம் தருபவர்களிடம் உங்கள் திட்டத்தையும் அனுப்பிவையுங்கள்.

நேர்காணலில் நீங்கள் கேட்கும் முறை வரும்போது தயங்காதீர்கள். ஒப்பந்தம் எத்தனை ஆண்டு, நிதி ஏற்கெனவே கையில் உள்ளதா, தரவு ஏற்கெனவே திரட்டப்பட்டதா, இனிமேல்தான் ஆட்களைச் சேர்க்க வேண்டுமா என்று கேளுங்கள். ஏடிஎச்டி உள்ள குடும்பங்கள் சோதனை நாளை மாற்றிக் கேட்பது இயல்பு. இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் ஆள் சேர்ப்பே ஓர் ஆண்டைத் தின்றுவிடலாம். முன்பு அங்கே போஸ்ட்டாக்காக இருந்தவரிடமும் தனியே பேசுங்கள். கடைசியாக, சோதனை அறையைப் பார்க்க அனுமதி கேளுங்கள். ஒரு குழந்தை நடுவில் எழுந்து நடக்க அங்கே இடம் இருக்கிறதா, இடைவேளை எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை என்று விசாரியுங்கள்.