பழைய டெஸ்க்டாப்பில் லினக்ஸ் மின்ட் ஏற்றுவது எப்படி?

திருமங்கலத்தில் சித்தப்பா ஜாப் டைப்பிங் கடை வைத்திருக்கிறார். அங்கிருக்கும் டெஸ்க்டாப் 2012இல் வாங்கியது. மூன்றாம் தலைமுறை ஐ3, 2 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 7. காலையில் ஆன் செய்துவிட்டு டீ குடித்து வந்தால்தான் திரை வரும். "எடைக்குப் போட்ருவோமாப்பா?" என்று கேட்டார். "ரெண்டு நாள் குடுங்க சித்தப்பா" என்றேன்.

விண்டோஸ் 7க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14இல் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபர் 14இல் வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்பது இன்டெல் எட்டாம் தலைமுறை, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப். குறுக்குவழிகள் உண்டுதான், ஆனால் பிழைப்பு நடக்கிற மிஷினில் அவை வேண்டாம். நான் போட்டது லினக்ஸ் மின்ட் 22, விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இயங்குதளம். அதில் பழைய மிஷினுக்கு ஏற்ற இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. இலவசம், 2029 வரை பாதுகாப்பு அப்டேட் வரும்.

1. முதலில் பேக்கப்

டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றையும் வெளி டிஸ்க்கில் காப்பி எடுங்கள். பலரும் மறப்பது ஃபான்ட். பழைய தமிழ்க் கோப்புகள் பாமினி போன்ற எழுத்துருவில் அடித்தவை, யூனிகோடு அல்ல. அந்த ஃபான்ட் இல்லாத மிஷினில் திறந்தால் தமிழ் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துக் குப்பைதான் தெரியும். விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து அவற்றையும் எடுத்து வையுங்கள்.

2. கேபினட்டைத் திறங்கள்

பவர் கேபிளைக் கழற்றி, கேபினட்டின் இரும்புப் பகுதியை ஒருமுறை தொட்டு, கையிலுள்ள நிலைமின்சாரத்தை இறக்குங்கள். சித்தப்பா கடை ரோட்டோரம். சிபியு ஃபேனுக்கு அடியில் தூசி கம்பளி போல அப்பியிருந்தது. ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு புளோயர் அடியுங்கள், இல்லையென்றால் காற்றின் வேகத்தில் தாறுமாறாகச் சுற்றும். சிபியுவின் சூட்டை இழுக்கும் உலோகப் பாளமான ஹீட்சிங்கைக் கழற்றினால் பழைய பேஸ்ட்டைத் துடைத்துவிட்டு, பச்சைப்பயறு அளவு புது தெர்மல் பேஸ்ட் வைத்தால் போதும்.

டிஸ்ப்ளே வராமல் பீப் சத்தம் மட்டும் வருகிறதா? ரேமைக் கழற்றி, அடியில் இருக்கும் தங்க நிறப் பட்டைகளைப் பென்சில் ரப்பரால் ஒரே திசையில் மெதுவாகத் தேயுங்கள். கறுப்பு நீங்கிப் பளிச்சென்று தெரியும். ரப்பர் துகளைத் துடைத்துவிட்டு, இரண்டு பக்கமும் 'டக்' என்று கொண்டி விழும்வரை அழுத்துங்கள். பல மிஷின்கள் இதிலேயே உயிர் பெற்றுவிடும்.

3. எஸ்எஸ்டி, ரேம்

ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால் எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்) வாங்குங்கள். இந்த மிஷின்கள் திணறுவது பெரும்பாலும் சுழலும் ஹார்டு டிஸ்க்கால்தான், பிராசசரால் அல்ல. 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி தாராளம். ரேம், மதுரை டவுன்ஹால் ரோட்டுக் கடைகளில் விசாரித்து 4 ஜிபி டிடிஆர்3 இரண்டு வாங்கினேன். டிடிஆர்4 வாங்கிவிடாதீர்கள், வெட்டு வேறு இடத்தில் இருக்கும், உள்ளே போகாது.

4. பென்டிரைவ்

8 ஜிபி போதும், உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். மின்ட் தளத்திலிருந்து ஐஎஸ்ஓ கோப்பை (முழு மின்ட்டும் அடங்கிய ஒற்றைக் கோப்பு) இறக்கி, ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளால் பென்டிரைவில் எழுதுங்கள். விண்டோஸ் 7இல் ஓடும் கடைசி ரூஃபஸ் 3.22, அதற்குப் பிந்தையது திறக்காது.

5. இன்ஸ்டால்

பழைய ஹார்டு டிஸ்க்கின் கேபிளைப் பிடுங்கி வைத்துவிட்டுத் தொடங்குங்கள். 'எரேஸ் டிஸ்க்' கொடுக்கும்போது கை தவறினாலும் பழைய ஃபைல்களுக்கு ஆபத்து இல்லை. ஆன் செய்ததும் எஃப்12, எஃப்11, எஃப்8 என்று போர்டுக்கேற்ற விசையைத் தட்டினால் பூட் மெனு வரும், பென்டிரைவைத் தேர்ந்தெடுங்கள். பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரை) டிஸ்க் இணைப்புக்கான சாட்டா மோட் 'ஐடிஇ' என்று இருந்தால் 'ஏஎச்சிஐ' ஆக்குங்கள்.

உடனே இன்ஸ்டால் செய்ய வேண்டாம். பென்டிரைவிலிருந்தே மின்ட் ஓடும். அதிலேயே பிரின்டர், சவுண்டு, நெட் மூன்றையும் சோதியுங்கள். கடைக்குப் பிரின்டர்தான் உயிர். அது வேலை செய்கிறது என்று பார்த்த பிறகே நான் இன்ஸ்டால் ஐகானைத் தொட்டேன்.

நெட் இருந்தும் தளங்கள் திறக்கவில்லையா?

எனக்கு ஒரு மணி நேரம் போனது இதில்தான். நெட் கேபிள் சரி, மோடம் சரி, ஆனால் எந்தத் தளத்தைத் திறந்தாலும் 'பாதுகாப்பற்ற இணைப்பு' என்றே வந்தது. கடைசியில் மூலையிலிருந்த தேதியைப் பார்த்தேன். 2012! மதர்போர்டின் பேட்டரி செத்துவிட்டது. பவரை நிறுத்தும்போதெல்லாம் தேதி பின்னால் போய்விடும். அந்தத் தேதிக்குத் தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது. காசு போல வட்டமாக இருக்கும் சிஆர்2032 பேட்டரி, 3 வோல்ட். எழுத்துள்ள பக்கம் மேலே இருக்கும்படி புதியது போட்டு, பயாஸில் தேதியைத் திருத்துங்கள்.

தமிழ்

மென்பொருள் மேலாளரில் ஐபஸ்-எம்17என் நிறுவினால் தமிழ்99 விசைப்பலகை கிடைக்கும். பாமினி ஃபான்ட்டையும் நிறுவினேன். சித்தப்பாவின் பழைய மனு மாதிரிகள் லிப்ரேஆபிஸில் (எம்எஸ் ஆபிஸுக்குப் பதிலான இலவச மென்பொருள்) ஒழுங்காகத் திறந்தன. வரிகள் அங்கங்கே நகர்ந்திருக்கலாம், அச்சிடும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பழைய ஹார்டு டிஸ்க்கை உடனே அழிக்காதீர்கள். ஒரு மாதம் பீரோவில் இருக்கட்டும். எடுக்க மறந்த ஃபைல் ஏதாவது ஒன்று அதற்குள் கட்டாயம் தேவைப்படும்.