நாக்கடியில் தைராய்டு: கத்தி வைப்பதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொண்டையில் ஏதோ அடைத்தாற்போல் இருக்கிறது, சோறு விழுங்கினால் உறுத்துகிறது என்று ஒரு இளம்பெண் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போகிறார். நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தால், நாக்கின் வேரில், நட்டநடுவில், வழவழப்பாக இளஞ்சிவப்பில் ஒரு உருண்டை. மேலே மெல்லிய ரத்த நாளங்கள் ஓடுகின்றன. "கட்டிதான், எடுத்துவிடலாம்" என்ற முடிவுக்கு உடனே வருவதுதான் இதில் நடக்கும் தவறுகளிலேயே பெரியது.

கருவில் தைராய்டு உருவாவது நாக்கின் வேரில், அதாவது நாக்கடியில்தான். அங்கிருந்து மெல்ல இறங்கி, ஏழாவது வார வாக்கில் கழுத்தின் கீழ்ப்பகுதிக்கு வந்து சேர்கிறது. சிலருக்கு வழியிலேயே எங்காவது நின்றுவிடும். அப்படி இடம் தவறிய தைராய்டில் சுமார் 90 சதவீதம் நாக்கடியிலேயே தங்கியவை. அப்படித் தங்கியவர்களில் ஏறத்தாழ 70 சதவீதம் பேருக்கு உடம்பில் வேறு தைராய்டே கிடையாது. கட்டி என்று நினைத்து அதை வெட்டி எடுத்தால், இருந்த ஒரே சுரப்பியும் போய், ஆயுள் முழுக்க மாத்திரையை மட்டுமே நம்பி வாழ வேண்டிவரும்.

ஆகவே நாக்கடியிலோ கழுத்தின் நடுவிலோ எந்த வீக்கம் வந்தாலும் முதல் கேள்வி இதுதான்: தைராய்டு அதன் இடத்தில் இருக்கிறதா? கழுத்துக்கு ஒரு அல்ட்ராசவுண்ட் எடுத்தால் தெரிந்துவிடும், கதிர்வீச்சும் இல்லை. குழந்தைகளின் நடுக்கழுத்து வீக்கம் பெரும்பாலும் தைரோகிளாசல் நீர்க்கட்டிதான்; தைராய்டு இறங்கிவந்த பாதையில் மிஞ்சிய குழாயில் வருவது. ஆனால் நூற்றில் ஒன்றிரண்டு தைராய்டாகவே இருந்துவிடும். ஸ்கேன் பார்க்காமல் அறுவைக்குத் தேதி குறித்தால், "ஸ்கேன் எடுத்தீர்களா?" என்று பெற்றோர் கேட்டே ஆகவேண்டும்.

அடுத்தது டெக்னீசியம் ஸ்கேன். தைராய்டு இழுத்துக்கொள்ளும் லேசான கதிரியக்க மருந்தான டெக்னீசியத்தை நரம்பில் ஏற்றிச் சற்று நேரம் கழித்துப் படமெடுப்பார்கள். நாக்கடியில் பளிச்சென்று ஒரு புள்ளி தெரிந்து, கழுத்து வெறுமையாக இருந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை. அவசரப்பட்டு முதலில் அயோடின் மருந்து ஏற்றி சி.டி. எடுத்துவிட்டால் தைராய்டு சில வாரங்களுக்கு டெக்னீசியத்தைச் சரியாக வாங்காது; படம் ஏமாற்றிவிடும். கர்ப்பமாக இருந்தால் இந்த ஸ்கேன் பிரசவம் வரை காத்திருக்கட்டும். பயாப்ஸிக்கும், அதாவது திசுவைக் கிள்ளி எடுத்துச் சோதிப்பதற்கும், அவசரம் வேண்டாம். ரத்த ஓட்டம் மிகுந்த இடம், கிள்ளி எடுத்தால் ரத்தம் கொட்டலாம். புற்றுநோய்ச் சந்தேகம் இருந்தால் மட்டும், மெல்லிய ஊசியால் எடுப்பதே நல்லது.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. கழுத்தின் பக்கவாட்டில் உள்ள முடிச்சில் தைராய்டு திசு இருப்பதாக ரிப்போர்ட் வந்தால், "இடம் மாறிய தைராய்டு, பயமில்லை" என்று விட்டுவிடக் கூடாது. அது பெரும்பாலும் தைராய்டு புற்றுநோய் நிணநீர் முடிச்சுக்குப் பரவியதன் அடையாளம். இங்கே தாமதம்தான் ஆபத்து.

சிகிச்சையில் பலரும் சறுக்கும் இடம் மாத்திரை. தொந்தரவு குறைந்ததும் தைராக்ஸின் என்ற தைராய்டு ஹார்மோன் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். இடம் தவறிய சுரப்பி பெரும்பாலும் தேவையான அளவு சுரப்பதில்லை. அதை ஈடுகட்ட, தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். ஏறும், அந்த டி.எஸ்.எச்.தான் நாக்கடி உருண்டையைப் பெருக்க வைப்பது. பருவமடையும்போதும் கர்ப்பத்திலும் அது பெரிதாவது இதனால்தான். மாத்திரை டி.எஸ்.எச்.ஐ இறக்கி, மாதக்கணக்கில் மெதுவாக வீக்கத்தைச் சுருக்கும். வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும் போடுங்கள். காபி அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். கர்ப்பம் என்று தெரிந்த உடனேயே டாக்டரைப் பாருங்கள், டோஸைக் கூட்ட வேண்டியிருக்கும்.

பச்சிளங்குழந்தைக்குக் குதிகால் ரத்தத்தில் டி.எஸ்.எச். கூடுதல் என்று வந்தால், ஸ்கேன் தேதிக்காக மருந்தைத் தள்ளிப்போடவே கூடாது. மூளை வளர்ச்சி காத்திருக்காது. பிறந்த இரண்டு வாரத்துக்குள் சிகிச்சை தொடங்கிவிட வேண்டும். மாத்திரையை நுணுக்கி, ஒரு கரண்டி தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ கரைத்து உடனே புகட்டலாம். பாட்டில் நிறையப் பாலில் கலந்தால், மீதி வைத்த பாலோடு மருந்தும் போய்விடும்.

அறுவை சிகிச்சை யாருக்கு? மூச்சோ உணவோ அடைபடுபவர்களுக்கு, அடிக்கடி ரத்தம் கசிபவர்களுக்கு, புற்றுநோய்ச் சந்தேகம் உள்ளவர்களுக்கு. அறுவை தாங்காத உடல்நிலையில் கதிரியக்க அயோடின் உண்டு. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் அது கூடவே கூடாது.

கடைசியாக, அதிகம் பேசப்படாத ஒன்று. குடல்வால் அறுவையோ சிசேரியனோ, எதற்கு மயக்க மருந்து கொடுப்பதாக இருந்தாலும் நாக்கடித் தைராய்டு இருப்பதை மயக்கவியல் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். சுவாசக் குழாய் செருகும் வழியில்தான் அது உட்கார்ந்திருக்கிறது. பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.