சீருடையை வைத்துப் படையை முடிவு பண்ணாதீர்கள்

அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் இருக்கும் எம்.இ.ஜி. வளாகத்தை மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்று சொல்லும் பெங்களூரு தமிழர்கள் நிறைய. மெட்ராஸ் ரெஜிமெண்ட் காலாட்படை. அதன் மையம் நீலகிரியில், வெலிங்டனில் இருக்கிறது. அல்சூரில் இருப்பது மெட்ராஸ் என்ஜினியர் குரூப். 1780-லிருந்து வரும் பரம்பரை. பாலம் போடுவது, பாதை அமைப்பது, கண்ணிவெடி அகற்றுவது அவர்கள் வேலை. அந்த வீரர்களுக்கு ராணுவத்துக்குள் ‘தம்பி’ என்றே பேர். ஆனால் இரண்டுமே தரைப்படையின் உறுப்புகள்தான். பேரும் பழமையும் தனியாக இருப்பதால் ரெஜிமெண்டைத் தனிப் படையாக எண்ணிவிடக் கூடாது. தரைப்படை, கடற்படை, விமானப்படை என்று படை மூன்றுதான்; மூன்றும் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ்.

கையில் என்ன வாகனம் இருக்கிறது என்று பார்த்து முடிவு கட்டுவது இன்னொரு தவறு. பறந்தால் விமானப்படை, மிதந்தால் கடற்படை என்பது பள்ளிக்கூடப் பாடத்தோடு சரி. பெங்களூரு எச்.ஏ.எல். தயாரிக்கும் துருவ் ஹெலிகாப்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். அதை விமானப்படை ஓட்டுகிறது, கடற்படை ஓட்டுகிறது, கடலோரக் காவல்படையும் ஓட்டுகிறது. 1986-ல் தனக்கென்று ஒரு வான்பிரிவை அமைத்துக்கொண்ட தரைப்படையிடமும் இருக்கிறது. அரக்கோணத்தில் தரையிறங்கும் பெரிய கண்காணிப்பு விமானங்கள் கடற்படையுடையவை. அப்புறம், எச்.ஏ.எல்.லில் வேலை பார்ப்பவரை ‘ஏர்ஃபோர்ஸ்காரர்’ என்று அறிமுகப்படுத்தும் வழக்கமும் இந்த ஊரில் உண்டு. அது பொதுத்துறை நிறுவனம். அவர் விமானப்படை வீரர் அல்ல.

விமான நிலைய வாசலில் துப்பாக்கியோடு நிற்பவர் மிலிட்டரி இல்லை, சி.ஐ.எஸ்.எஃப். என்கிற மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை. அந்தப் படையும், எல்லையில் நிற்கும் பி.எஸ்.எஃப்.பும் (எல்லைப் பாதுகாப்புப் படை), சி.ஆர்.பி.எஃப்.பும் (மத்திய ரிசர்வ் போலீஸ் படை) உள்துறை அமைச்சகத்தைச் சேர்ந்தவை. எல்லையில் நின்றாலே ராணுவம் என்று நினைப்பது தவறு. கடலோரக் காவல்படை கடற்படைக்குள் அடங்கியதும் இல்லை. 1978-ல் தனியாக அமைந்தது, தனித் தலைவர் உண்டு, ஆனால் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ்தான். குழப்பத்தின் உச்சம் வடகிழக்கில் நிற்கும் துணை ராணுவமான அசாம் ரைபிள்ஸ்: நிர்வாகம் உள்துறை, களத்தில் உத்தரவு தரைப்படை. ஆக, எந்த அமைச்சகம், யார் உத்தரவு என்று கேட்பதே நேர்வழி.

பதவிப் பெயரிலும் ஏமாறலாம். மாப்பிள்ளை கேப்டன் என்றால் எந்தப் படை என்று கேளுங்கள். தரைப்படைக் கேப்டன் சில வருட சர்வீஸ் உள்ள இளைஞர். கடற்படைக் கேப்டன் தரைப்படைக் கர்னலுக்குச் சமம். தலை நரைக்க ஆரம்பித்திருக்கும்!

வெளிநாட்டுச் செய்தி படிக்கும்போது நம் கணக்கை அங்கே பொருத்த வேண்டாம். அமெரிக்காவில் மரைன்கள், அதாவது கப்பலிலிருந்து கரையிறங்கிப் போரிடும் வீரர்கள், தனிப் படை. பிரிட்டனில் கடற்படையின் ஒரு பகுதி. அமெரிக்கா 2019-ல் விண்வெளிக்கென்றே ஒரு படை தொடங்கிவிட்டது.

வேலைக்கு விண்ணப்பிக்கும் பையன்களுக்கு இந்தக் குழப்பம் உண்மையிலேயே நஷ்டம். முப்படைகளிலும் அதிகாரி அல்லாத வீரர் வேலைக்கு 2022-லிருந்து அக்னிவீர் என்கிற நான்கு வருட சர்வீஸ்தான் வழி. ஒவ்வொரு படையும் தனித்தனியாக அறிவிப்பு விடும். பி.எஸ்.எஃப்., சி.ஐ.எஸ்.எஃப். கான்ஸ்டபிள் வேலைக்கு எஸ்.எஸ்.சி. (மத்தியப் பணியாளர் தேர்வாணையம்) தேர்வு, 2024 முதல் அதைத் தமிழிலும் எழுதலாம்.