வீடு வாங்கும்போது தரகர் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டைக் காட்டியவரே நமக்கான தரகர் என்று எண்ணிவிடுவதுதான் முதல் தவறு. பெரிய தவறும் அதுவே. விளம்பரத்தில் இருக்கும் எண்ணை அழைத்தால், எடுத்துப் பேசுபவர் பெரும்பாலும் விற்பவரின் ஆள். எவ்வளவு அன்பாகப் பேசினாலும், நல்ல விலைக்கு விற்றுத் தருவதாக அவர் ஒப்புக்கொண்டிருப்பது வீட்டுக்காரரிடம். அவரிடமே போய், “பிடித்திருந்தால் இன்னும் கொஞ்சம் ஏற்றிக் கொடுக்கவும் தயார்” என்று சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு பேரம் பேச எதுவும் மிஞ்சாது. எனவே முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்: “இந்த வீட்டில் நீங்கள் யாருக்காகப் பேசுகிறீர்கள்? கமிஷன் யார் தருகிறார்கள்?” இரு தரப்பிலும் தரகு வாங்குபவரென்றால், உங்களுக்காக விலையைக் குறைக்கச் சொல்லி அவர் வற்புறுத்துவார் என்று எதிர்பார்க்காதீர்கள்.

உங்களுக்கென்றே ஒருவரை அமர்த்தினாலும் கணக்கு ஒன்று இருக்கிறது. இரண்டு சதவீதக் கமிஷன் என்று வைத்துக்கொள்வோம். விலையில் நூறு ரூபாய் குறைந்தால் அவருக்கு இரண்டு ரூபாய் நஷ்டம். அதைவிட முக்கியமாக, இந்த வீடு கைகூடாமல் போனால் அவர் அலைந்ததெல்லாம் வீண். ஆகவே விலையை விட, சீக்கிரம் முடிப்பதிலேயே அவருக்கு அக்கறை அதிகம். அமெரிக்கப் பொருளியலாளர்கள் ஸ்டீவன் லெவிட்டும் சாட் சைவர்சனும் 2008இல் வெளியிட்ட ஆய்வு இதன் மறுபக்கத்தைக் காட்டியது. தரகர்கள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது சுமார் ஒன்பதரை நாள் கூடுதலாகக் காத்திருந்து, ஏறக்குறைய 3.7 சதவீதம் அதிக விலை பெற்றிருந்தார்கள். வாடிக்கையாளரின் வீட்டுக்கு அந்தப் பொறுமை இல்லை. “இன்றே முன்பணம் கொடுக்காவிட்டால் போய்விடும்” என்று யார் அவசரப்படுத்தினாலும் இதை நினைவில் வையுங்கள்.

தெரிந்தவர், உறவினர் என்பதற்காகவே ஒருவரை அமர்த்துவது இன்னொரு தவறு. பிடிக்காவிட்டால் விலகச் சொல்வதும் சங்கடம், கட்டணத்தைப் பற்றிப் பேசுவதும் சங்கடம். யாராக இருந்தாலும், அவர் மூலம் அண்மையில் வாங்கிய இரண்டு மூன்று பேரிடம் பேசுங்கள். “நல்லவரா?” என்று கேட்டால் “ஆமாம்” என்றுதான் பதில் வரும். “எந்த வீட்டை வேண்டாம் என்று சொன்னார்?” என்று கேளுங்கள். நல்ல தரகர் வரவேற்பறையின் அழகைப் புகழ்ந்துகொண்டு நிற்க மாட்டார். குழாயைத் திறந்து தண்ணீர் வரும் வேகத்தைப் பார்ப்பார். கூரையின் ஒரு மூலையில் மட்டும் புதுச் சுண்ணாம்பு தெரிந்தால், அங்கே ஏன் அடித்தார்கள் என்று வீட்டுக்காரரிடம் உங்கள் எதிரிலேயே கேட்பார்.

வாய்ப்பேச்சோடு நிறுத்திக்கொள்வதும் ஆபத்து. கட்டணம் எவ்வளவு, எப்போது தர வேண்டும், ஒப்பந்தம் எத்தனை மாதம், இடையில் விலகினால் என்ன ஆகும் என்பதையெல்லாம் எழுதி வாங்குங்கள். முதல் முறை சேர்ந்து வேலை செய்பவரோடு நீண்ட கால ஒப்பந்தம் வேண்டாம். உரிமமோ பதிவோ கட்டாயமாக உள்ள இடமென்றால், அவர் காட்டும் அட்டையை மட்டும் நம்பாமல் அரசுப் பதிவேட்டிலேயே சரிபாருங்கள்.

கடைசியாக ஒன்று. தரகரே வழக்கறிஞரையும் கட்டடத்தைப் பரிசோதிப்பவரையும் அழைத்து வந்தால், நன்றி சொல்லிவிட்டு வேறு ஆட்களை நீங்களே தேடுங்கள். பத்திரத்தில் வில்லங்கமோ சுவரில் விரிசலோ இருந்தால், அதைத் தயங்காமல் சொல்பவர் அடுத்த வேலைக்குத் தரகரை நம்பியிருப்பவராக இருக்கக் கூடாது.