ஃபேன்டஸி நாவலைப் படித்துவிட்டு எழுதியவரிடம் பேசுவது எப்படி

பத்துப் பதினைந்து பேர் ஒரு ஃபேன்டஸி நாவலைப் படித்துவிட்டு, எழுதியவரையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுகிற கூட்டம் பெரும்பாலும் இரண்டு விதமாக வீணாகும். எல்லோரும் மாறி மாறிப் பாராட்டி, அவர் நன்றி சொல்லி, டீ குடித்துவிட்டுக் கலைவது ஒன்று. வரைபடத்தில் ஆறு ஏன் இப்படி வளைகிறது, அரச வம்சத்தில் யார் யாருக்குச் சித்தப்பா, மந்திரத்துக்கு எத்தனை விதி என்று கேட்டுக் கேட்டு அவரை வாய்மொழித் தேர்வுக்கு வந்தவர் மாதிரி ஆக்கிவிடுவது இன்னொன்று. இரண்டாவதில் ஆர்வமாவது இருக்கிறது. ஆனாலும் எழுதியவருக்கும் படித்தவருக்கும் அதிலிருந்து பெரிதாக எதுவும் கிடைப்பதில்லை, ஏனென்றால் உலகத்தைத் தனியாகவும் பாத்திரங்களைத் தனியாகவும் பிரித்து வைத்துக்கொண்டு கேட்கிறோம்.

எனவே உலகத்தைப் பற்றி எந்தக் கேள்வி வந்தாலும் முதலில் அதை ஒரு ஆளோடு முடிச்சுப் போடுங்கள். "உங்கள் உலகத்தின் பொருளாதாரம் எப்படி?" என்று கேட்டால் ஆசிரியர் அரை மணி நேரம் பேசுவார், அதில் பாதி அந்த நிமிடத்தில் தோன்றியதாக இருக்கும். "மூன்றாம் அத்தியாயத்தில் படகோட்டியின் மகள் வெள்ளிக்காசைக் கொடுத்துவிட்டு மீதி வாங்காமல் போகிறாளே, அந்தக் காசு அவள் வீட்டுக்கு எத்தனை நாள் சாப்பாடு?" என்று கேட்டுப் பாருங்கள். இப்போது அவர் யோசித்தே ஆகவேண்டும். ஒரு மாதச் சாப்பாடு என்றால் அவள் எதற்கோ பயந்து ஓடுகிறாள். ஒரு வேளைச் சாப்பாடு என்றால் ஏதோ அவசரம், அவ்வளவுதான். காசின் மதிப்பு தெரியாமல் அந்தப் பெண்ணைப் புரிந்துகொள்ளவே முடியாது.

இப்படிப்பட்ட முடிச்சுக்கு எனக்குத் தெரிந்து ஆங்கில எழுத்தாளர் டோல்கீனை விட நல்ல உதாரணம் இல்லை. 1937-இல் வந்த 'தி ஹாபிட்' முதல் பதிப்பில், விடுகதைப் போட்டியில் தான் தோற்றால் கதாநாயகன் பில்போவுக்கு மோதிரத்தைப் பரிசாகத் தருவதாகக் குகைவாசி கொல்லம் ஒப்புக்கொள்கிறான். தோற்ற பிறகு மோதிரத்தைத் தேடிப் பார்க்கிறான், காணவில்லை (பில்போ ஏற்கெனவே அதைக் கண்டெடுத்து வைத்திருக்கிறான்), மன்னிப்புக் கேட்டு அதற்குப் பதிலாக வெளியே போகும் வழியைக் காட்டுகிறான். அப்புறம் அதன் தொடர்ச்சியான 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுத எழுத அந்த மோதிரம் வைத்திருப்பவரை ஆட்டிப் படைக்கிற, எளிதில் யாரும் விட்டுக்கொடுக்க முடியாத பொருளாகிவிட்டது. அதைப் போய்ப் பரிசாகத் தருவேன் என்பானா? 1951 பதிப்பில் அந்த அத்தியாயத்தைத் திருத்தினார். பழைய பதிப்பில் இருந்ததை அழித்து மறைக்கவில்லை, அது பில்போ மற்றவர்களுக்குச் சொன்ன பொய் என்று வைத்துவிட்டார். மோதிரம் தனக்கே உரியது என்று நிலைநாட்ட, சாதாரணமாகப் பொய் சொல்லாத ஒருவன் பொய் சொல்கிறான், அந்தப் பொய்யே மோதிரத்தின் வேலைக்குச் சாட்சியாகிறது. உலகத்தில் இருந்த ஓட்டையைப் பாத்திரத்தின் குணத்தை வைத்து அடைத்திருக்கிறார். உங்கள் கூட்டத்தில் யாராவது ஒரு முரணைக் கண்டுபிடித்தால் உடனே தப்பு என்று கொடி பிடிக்காமல், இதைச் சொன்னவர் யார், அவர் பொய் சொல்லியிருக்கலாமா, தெரியாமல் சொல்லியிருக்கலாமா என்று ஒரு சுற்று பேசுங்கள்.

கூட்டத்துக்கு முன்னால் செய்யவேண்டியது ஒன்றுதான். ஆளுக்கொரு பாத்திரத்தைப் பிரித்துக் கொடுத்து, இரண்டாவது முறை படிக்கும்போது அந்த ஒருவர் பின்னாலேயே போகச் சொல்லுங்கள். நாயகன், வில்லன் மட்டும் போதாது, சமையல்காரர், காவலாள், நாயகன் காட்டுக்குப் போன பிறகு வீட்டில் தங்கிவிட்ட அக்கா, இவர்களுக்கும் ஆள் போடுங்கள். அக்காவுக்குப் பின்னால் போனவர்தான் "போர் மூன்று வருஷம் நடக்கிறது, இவள் வயலில் யார் நடவு செய்தார்கள்?" என்று கேட்பார். சாப்பாட்டையும் கவனிக்கச் சொல்லுங்கள். தமிழில் எழுதப்படும் ஃபேன்டஸிகளில் பனி பொழிகிற மலைக்கோட்டை, மர மேஜை, ரொட்டி, பெரிய குவளையில் மது என்று ஒரு இரவல் விடுதி வந்துவிடுவது உண்டு, கோதுமை எங்கே விளைகிறது என்று யாரும் சொல்வதில்லை. வரட்டும், தப்பில்லை, ஆனால் கேளுங்கள்.

மந்திரத்தைப் பற்றிக் கேட்கும்போது கொஞ்சம் நிதானம் வேண்டும். ஃபேன்டஸி எழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சன் 2007-இல் எழுதிய ஒரு கட்டுரையில், மந்திரத்தால் ஒரு சிக்கலைத் தீர்த்தால் அது வாசகருக்கு நிறைவாக இருக்குமா என்பது அந்த மந்திரம் அவருக்கு எவ்வளவு புரிந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது என்றார். அப்படியென்றால், சிக்கலைத் தீர்க்காமல் வெறுமனே வியப்பூட்டிவிட்டுப் போகிற மந்திரத்துக்கு விதி கேட்டு நச்சரிக்க வேண்டியதில்லை. என்னைக் கேட்டால் விதிகளை விட, இது யாரால் முடியாது, ஏன் முடியாது என்பதுதான் நல்ல கேள்வி. உர்சுலா லெ குவின் 1968-இல் தொடங்கிய எர்த்சீ கதைகளில் ரோக் தீவின் மந்திரப் பள்ளியில் ஆண்கள் மட்டுமே படிப்பார்கள், பெண்களின் மந்திரம் பலவீனமானது என்று பழமொழியே உண்டு. பல ஆண்டுகள் கழித்து 1990-இல் அதே வரிசையில் வந்த 'தெஹானு' நாவலில் அவரே அந்த ஏற்பாட்டைத் திரும்பிப் பார்த்தார், அதுவும் சட்டம் பேசாமல், டெனார் என்கிற நடுவயதுப் பெண்ணின் அன்றாட வாழ்க்கை வழியாக.

எழுதியவருக்கும் சில விஷயங்கள் சொல்ல வேண்டும். முதல் முக்கால் மணி நேரம் வாயைத் திறக்காதீர்கள், கஷ்டம்தான். வாசகர்கள் தங்களுக்குள் அடித்துக்கொள்ளட்டும், நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று பேர் ஒரே இடத்தில் தடுக்கினால் அங்கே ஏதோ இருக்கிறது. ஒருவர் மட்டும் தடுக்கினால் அது அவர் ரசனையாக இருக்கலாம். பேச ஆரம்பித்த பிறகு புத்தகத்தில் இல்லாததைச் சொல்லிப் புத்தகத்தைக் காப்பாற்றாதீர்கள். "உண்மையில் அவளுக்குச் சின்ன வயதில் ஒரு தம்பி இருந்தான், அதனால்தான்..." என்றால், அந்தத் தம்பி புத்தகத்தில் இருந்திருக்க வேண்டும். அடுத்த பாகத்தில் வரப்போகிற விஷயத்தைக் கேட்டால், ஃபேன்டஸி எழுத்தாளர் ராபர்ட் ஜோர்டான் பாணியில் "படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்" என்று சிரித்துக்கொண்டே நழுவலாம், ஆனால் பதிலே யோசிக்காத கேள்விக்கும் அதையே சொல்லித் தப்பிக்கக் கூடாது, வாசகர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். "யோசிக்கவில்லை" என்று சொல்வதில் ஒன்றும் குறைந்துவிடாது.

சிலவற்றை மூடியே வைக்கவும் உரிமை உண்டு. 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' அச்சுக்குப் போகும் முன்பே அதைப் படித்த எழுத்தாளர் நவோமி மிச்சிசன் கேட்ட கேள்விகளுக்கு டோல்கீன் 1954-இல் நீண்ட பதில் எழுதினார், அதிலேயே நாவலில் வருகிற டாம் பாம்படில் என்ற பாத்திரம் வேண்டுமென்றே விட்ட புதிர் என்றும் சொல்லிவிட்டார். அதே வருஷம் இன்னொரு வாசகரின் இறையியல் கேள்விகளுக்குப் பக்கம் பக்கமாகப் பதில் எழுதியவர், தன்னைத் தானே ரொம்பப் பெரிதாக எடுத்துக்கொள்வதாகப் பட்டதால் அதை அனுப்பவே இல்லை. நம் ஊரில் கல்கி, 'பொன்னியின் செல்வன்' சட்டென்று முடிந்துவிட்டது என்ற வாசகர்களுக்காக, பாத்திரங்கள் பின்னால் என்ன ஆனார்கள் என்று முடிவுரையில் விளக்கினார். அது சரித்திர நாவல், ஃபேன்டஸி இல்லை, ஆனாலும் எவ்வளவு சொல்லலாம் எங்கே நிறுத்தலாம் என்று பார்க்க அந்த முடிவுரையை ஒருமுறை புரட்டலாம்.

சின்னப் பிழைகளை, அதாவது கண் நிறம் மாறியது, ஒரு நாள் பயணம் மறுபடி மூன்று நாளானது போன்றவற்றை, கூட்டத்தில் பேசி நேரத்தைத் தின்னாதீர்கள். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' எழுதிய ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினே தன் நாவலில் வருகிற குதிரை ஒன்று ஆணிலிருந்து பெண்ணாக மாறியதை ஒப்புக்கொண்டிருக்கிறார். பக்க எண்ணோடு ஒரு தாளில் எழுதி, கிளம்பும்போது ஆசிரியர் கையில் கொடுத்துவிடுங்கள். நாவல் இன்னும் கைப்பிரதியாக இருந்தால் அந்தத் தாளில் இன்னொரு பத்தியும் வேண்டும். எந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் போனீர்கள், திரும்ப எடுக்க எத்தனை நாளாயிற்று என்பது.